ஏற்காட்டில் ரோஷ்டி: திருப்பினால் பிய்கிறது, பெயரை எப்படி எழுதுவது?

மலைவீட்டு அடுப்படி (ஏற்காடு):

வணக்கம். ஏற்காட்டில் ஆறு அறை கொண்ட தங்கும் விடுதி. காலைச் சாப்பாட்டில் இட்லி, பொங்கலோடு சுவிட்சர்லாந்துக்காரர்களின் உருளைக்கிழங்கு ரோஷ்டியையும் (துருவிய கிழங்கை வட்ட அடையாகச் சுடுவது) வைக்க உத்தேசம். சமையல்கட்டில் இப்போது நடப்பது இது: ஒரு கிலோ கிழங்கு, குக்கரில் நாலு விசில். ஆவி அடங்கியதும் தோலுரித்து, சூட்டோடு கேரட் துருவியில் துருவி, உப்பும் இரண்டு மேசைக்கரண்டி சோள மாவும் போட்டுப் பிசைந்து, இரும்பு தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு 4 செ.மீ. கனத்துக்குத் தட்டுகிறார்கள். நல்ல தீயில் ஆறு நிமிடம். திருப்பினால் மூன்று துண்டாகப் பிய்கிறது. அடியில் கறுப்பு, நடுவில் களி. முட்டை ஊற்றினால் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் சைவம்.

வேகவைத்துத் துருவுவதா, பச்சையாகத் துருவுவதா? எந்தக் கிழங்கு வாங்க வேண்டும்? காலை எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு தட்டு போக வேண்டும், அதற்கு என்ன வழி? பலகையில் தமிழில் எப்படி எழுதுவது? ரோஸ்டி, ரோஸ்தி, ரோஷ்டி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

---

கல்லும் கரண்டியும் (அஸ்தம்பட்டி):

அடுப்பில் ஏறுவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. தீயைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் விசில். நாலு விசில் மசால் தோசைக் கிழங்குக்குச் சரி. இங்கே கிழங்கு மசியக் கூடாது, துருவல் துருவலாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் 100 கிராம் சுமார் வருகிற மாதிரி ஒரே அளவாகப் பொறுக்குங்கள். தோலோடு, வெட்டாமல், பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நடு வேகும் முன் வெளிப்புறம் குழைந்துவிடும். மெல்லச் சூடேறினால் கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் 55, 60 டிகிரி வாக்கில் இறுகிக்கொள்ளும். பிறகு எளிதில் கரையாது. கொதி வந்த பிறகு சேலத்தில் 20 நிமிடம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் 25 முதல் 28 நிமிடம் பிடிக்கும். கத்தி முனை நடுவில் லேசாகத் தடுத்து இறங்க வேண்டும். தடுக்காமல் வழுக்கி இறங்கிய கிழங்கைப் பொடிமாசுக்கு அனுப்பிவிடுங்கள். குக்கரை விட மனமில்லை என்றால் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், மேலே துளைத்தட்டில் கிழங்கு, ஒரே விசில், அணைத்துவிட்டுத் தானாக அடங்க விடுவது.

அடுத்தது சூடு. இதுதான் உங்கள் நடுக் களிக்குக் காரணம். வெந்த மாவுச்சத்து சூடாக இருக்கும் வரை பசை. துருவியில் தேய்த்ததும் செல்கள் கிழிந்து அந்தப் பசை வெளியே வரும். பிசைந்தால் இன்னும் வரும். எட்டு மணி நேரம் குளிர்ந்துவிட்டால் அதே மாவுச்சத்து இறுகிப் படிந்துகொள்ளும், துருவல் உதிரியாக விழும். முந்தைய நாள் வேகவைத்த கிழங்கு என்று சுவிஸ்காரர்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். அவர்கள் ஊரில் நிலவறையில் ராத்திரி விட்டுவைக்கலாம். சேலத்துச் சித்திரையில் சமையல் மேடையில் விட்டால் விடிவதற்குள் புளித்த வாடை அடிக்கும். ஏற்காட்டுக் குளிரையும் நம்ப வேண்டாம். ஆவி போனதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். தோலோடு, மூடாத தட்டில். மூடினால் வேர்த்து ஈரம் திரும்பக் கிழங்கிலேயே இறங்கும். தோலை மறுநாள் உரித்தால் போதும், மெல்லிசாக வந்துவிடும்.

கேரட் துருவி வேண்டாம். நாலுமுகத் துருவியில் இருப்பதிலேயே பெரிய கண்ணை எடுங்கள். கிழங்கை நீளவாக்கில் வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் தூளாகும். நீளமான துருவல்தான் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு அடையைப் பிடித்து நிறுத்துகிறது. மாவு எதுவும் தேவையில்லை. முட்டையும் மாவும் போட்டால் அது ஜெர்மானியர்களின் உருளைக்கிழங்கு அடை, யூதர்களின் லட்கே பக்கம் போய்விடும். அவையும் நல்ல பண்டங்கள்தான், ஆனால் ரோஷ்டி என்று பலகையில் எழுதிவிட்டு அதைத் தரக் கூடாது.

அளவு: அடிப்பரப்பு 24 செ.மீ. உள்ள வாணலிக்கு 750 கிராம் கிழங்கு, 7 கிராம் உப்பு (ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட), நெய் 3 மேசைக்கரண்டி. மூன்று பேர் சாப்பிடலாம். இரண்டு கரண்டி நெய்யைக் காயவைத்துத் துருவலைப் போட்டு, உப்பைத் தூவி, மிதமான தீயில் நாலைந்து நிமிடம் தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். பலர் இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நெய் எல்லாத் துருவலிலும் ஏறுவதும், மேல் ஈரம் பறப்பதும், கிழங்கு நடுவரை சூடாவதும் இந்த நாலைந்து நிமிடத்தில்தான். அதன் பிறகு ஓரத்தை உள்ளே தள்ளி வட்டமாக்கி, கரண்டியின் முதுகால் லேசாக அழுத்துங்கள். கனம் 2 செ.மீ. வரலாம், அதற்கு மேல் வேண்டாம். ஓங்கி அழுத்தினால் துருவலுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அடைபட்டு, ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குழையும்.

இனி 12 முதல் 15 நிமிடம் கை வைக்காதீர்கள். தீ, சிறியதற்கும் மிதத்துக்கும் நடுவில். நெய் ஓரத்தில் மெல்லச் சலசலத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் தீ குறைவு, புகை தெரிந்தால் அதிகம். வாணலியின் காதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முழு வட்டமும் ஒன்றாக வழுக்கினால் தயார். ஓரம் மட்டும் அசைந்து நடு நின்றுகொண்டால் இன்னும் மூன்று நிமிடம். மொறுமொறுப்பு முழுதாகப் பிடிக்காத அடையைத் திருப்பினால் எந்தக் கிழங்காக இருந்தாலும் உடையும். ஆறு நிமிடம் என்பது பாதி நேரம்கூட இல்லை.

திருப்ப தோசைத் திருப்பி உதவாது. வாணலியைச் சாய்த்துத் தேங்கிய நெய்யைக் கிண்ணத்தில் வடியுங்கள். வடிக்காமல் கவிழ்த்தால் சூடான நெய் தட்டோரமாக வழிந்து மணிக்கட்டில் இறங்கும். வாணலியைவிடப் பெரிய எவர்சில்வர் தட்டால் மூடி, துணி போட்ட உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, தயங்காமல் ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் சரிந்துவிடும். வடித்த நெய்யோடு மீதி ஒரு கரண்டியையும் வாணலியில் விட்டு, தட்டிலிருந்து அடையை நழுவ விடுங்கள். மறுபக்கம் 10 நிமிடம். எந்தக் கட்டத்திலும் மூடி வேண்டாம்.

---

கிழங்கு மண்டி (செவ்வாய்ப்பேட்டை):

செய்முறையில நான் தலையிடல. கிழங்கு மட்டும் சொல்றேங்க.

சேலத்துக்கு ஊட்டிக் கிழங்கு, கோலார் கிழங்கு, வடநாட்டுக் கிழங்கு மூணும் வருது. வடநாட்டுது ஆக்ரா பக்கம் மாசி, பங்குனி வாக்குல தோண்டி, 2லிருந்து 4 டிகிரி குளிர்பதனக் கிடங்குல போட்டு மாசக்கணக்கா வெச்சு அனுப்பறது. அந்தக் குளிர்ல கிழங்குக்குள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும். வேகவெச்சுத் தின்னு பாத்தா நாக்குல லேசாத் தித்திக்கும். அதை நெய்யில போட்டா அஞ்சே நிமிஷத்துல கருஞ்செவப்பு, கசப்பு வேற. உள்ள சூடே ஏறியிருக்காது. அடி கறுத்துச்சுன்னு சொன்னீங்களே, தீ பாதிக் காரணம்னா இது மீதிப் பாதியா இருக்கலாம்.

அப்படிப்பட்ட கிழங்கு வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேணாம். மூட்டையைப் பிரிச்சு இருட்டா, காத்தோட்டமா, 15லிருந்து 20 டிகிரியில ரெண்டு மூணு வாரம் பரப்பி வெச்சா சர்க்கரையில ஒரு பங்கு திரும்ப மாவாயிடும். சேலத்துல அந்தச் சூடு கிடைக்காது, முளை விட்டுரும். ஏற்காடு அதுக்குத் தோதான இடம். ஜன்னலோரம் வெயில் படற மாதிரி மட்டும் வைக்காதீங்க. தோல் பச்சையாச்சுன்னா சொலானின்ங்கற விஷம் ஏறுதுன்னு அர்த்தம், வேகவெச்சாலும் அது போகாது. பச்சை ஏறின பக்கத்தை ஆழமா வெட்டி எறியணும், பூரா பச்சையா இருந்தா கிழங்கையே எறியணும்.

மேல ஃப்ரிட்ஜ்னு எழுதியிருக்கறதைப் பாத்துட்டுப் பச்சைக் கிழங்கைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல அடுக்கிடாதீங்க. கிடங்குல நடக்கற அதே வேலை வீட்டு ஃப்ரிட்ஜுலயும் நடக்கும். வெந்த கிழங்குல மாவைச் சர்க்கரையா மாத்தற நொதி செத்துப்போயிரும், அதனால அதை வைக்கலாம்.

எது வாங்கறதுன்னா, குஃப்ரி ஜோதி நல்லா நிக்கும். 1968ல வெளியிட்ட பழைய ரகம், நீலகிரியிலயும் ரொம்ப நாளாப் போடறாங்க. சிப்சோனா ரகம் சிப்ஸுக்குன்னே உருவாக்கினது. சர்க்கரை கம்மி, நெறம் அழகா வரும். ஆனா மாவு ஜாஸ்தி, ஒரு நிமிஷம் கூட வெந்தா பூத்து உதிரும். வெந்து துருவறவங்களுக்கு ஜோதி மாதிரி இறுக்கமான கிழங்குதான் வசதி. ஊட்டிக் கிழங்குன்னு செம்மண் ஒட்டியிருக்கறதை மட்டும் பாத்து வாங்காதீங்க, வேற கிழங்குக்கு மண்ணைப் பூசி விக்கறதும் உண்டு. வீட்டுலயே பாக்க ஒரு வழி இருக்கு: 11 டம்ளர் தண்ணியில ஒரு டம்ளர் உப்பைக் கரைச்சு அதுல கிழங்கைப் போடுங்க. மாவுக் கிழங்கு மூழ்கும், இறுக்கமான கிழங்கு மிதக்கும். மிதக்கறது ரோஷ்டிக்கு, மூழ்கறது போண்டாவுக்கு.

கட்டைவிரலால தேச்சாலே தோல் வர்ற புதுக்கிழங்கு வேணாம். நீர்ச்சத்து கூட, மாவு கம்மி, ஒட்டாது.

---

பேர்ன் சமையற்கட்டு (சுவிஸ்):

இஞ்ச அவிச்சதோ பச்சையோ எண்டுறது தீராத வழக்கு. ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்க மாட்டினம். ஆனால் பேர்ன் ரோஷ்டி எண்டு சொன்னால் முதல்நாள் அவிச்ச கிழங்கு, அதோட வெங்காயமும் பேக்கனும். இது பேர்ன் மாநிலத்துக் கமக்காரர் விடியச் சாப்பிட்ட சாப்பாடு. அதுக்கு முந்தி ஓட்ஸ் கஞ்சியும் சூப்பும்தான். 1770, 71 பஞ்சத்துக்குப் பிறகு கிழங்கு பரவலா நடப்பட்டு, மெல்ல மெல்லக் கஞ்சியிண்ட இடத்தை இது பிடிச்சிட்டுது. நடுவில ஒரு தட்டு, சுத்திவர இருக்கிற எல்லாரும் கரண்டியால எடுத்துச் சாப்பிடுறது, குடிக்கப் பால்கோப்பி. ஏற்காட்டுக் கோப்பியோட நீங்கள் குடுத்தால் பிழையே இல்லை.

பச்சைக் கிழங்கில செய்யிறதெண்டால் கணக்கு வேற. 24 செ.மீ. தாச்சிக்கு 600 கிராம், கனம் 1 செ.மீ., மிஞ்சினால் ஒன்றரை. துருவினதைத் தண்ணியில கழுவக் குடாது; கழுவினால் ஒட்டுற மா முழுக்கப் போயிடும். உப்புப் போட்டுப் பத்து நிமிசம் விட்டு, துணியில கட்டி இறுக்கிப் பிழியுங்கோ. பிழிஞ்ச தண்ணியை ஊத்திடாதேங்கோ. அஞ்சு நிமிசத்தில அடியில வெள்ளையா மா படியும், மேல்தண்ணியை வடிச்சுப்போட்டு அந்த மாவைச் சுரண்டித் துருவலிலயே சேருங்கோ. உடன தாச்சியில போடவேணும். காத்துப் பட்டால் முதல் இளஞ்சிவப்பாகி, பிறகு மண்ணிறமாகி, கடைசியில கறுக்கும். சின்ன நெருப்பில முதல் அஞ்சு நிமிசம் மூடி, பிறகு மூடியை எடுத்துப்போட்டு இன்னும் ஏழு நிமிசம். மற்றப்பக்கம் மூடாமல் பத்து நிமிசம். வெளி நல்ல மொறுமொறுப்பா வரும், உள்ளுக்கு அவிச்சதிண்ட பூப்போல மெதுமை வராது. விடிய பன்னிரண்டு தட்டுக் குடுக்க வேண்டிய ஆளுக்குப் பச்சை முறையை நான் சொல்லமாட்டன். கறுக்கிற பயத்தில முன்கூட்டித் துருவி வைக்கேலாது.

கொழுப்பு விசயம். இஞ்ச பழைய ஆக்கள் பன்றிக் கொழுப்பு, இப்ப கூடுதலா வறுக்கிற பட்டர் எண்டு தனியா விக்கிறதைப் பாவிக்கினம். தண்ணியும் பால்கசடும் எடுத்த பட்டர், உங்கட நெய்தான் அது. சும்மா பட்டர் 150 டிகிரி வாக்கில கருகத் தொடங்கும், இருவது நிமிசம் அடுப்பில நிக்கிற சாமானுக்குச் சரிவராது. வாசத்துக்கு ஆசையெண்டால் கடைசி ரெண்டு நிமிசத்தில ஒரு சின்னக் கட்டி ஓரத்தால விடுங்கோ. சிலர் வட்டமாக்கின பிறகு ரெண்டு மேசைக்கரண்டி பால் மேல தெளிப்பினம். பாலில இருக்கிற சீனி நல்ல நிறம் குடுக்கும், ஆனால் கிடங்குக் கிழங்கெண்டால் அதைச் செய்யாதேங்கோ, அதில சீனி காணும்.

மேல வைக்கிறது: பொரிச்ச முட்டை, உருக்கின ராக்லெட் சீஸ், இல்லாட்டி சூரிச் ஆக்கள் கிறீம் சோசில செய்யிற கன்றிறைச்சி. சைவக்காரருக்குக் குடுக்கேக்க கவனம். குரூயேர் எண்ட சுவிஸ் சீஸுக்குப் பாலைத் திரைக்க, கன்றிண்ட இரைப்பையில இருந்து எடுக்கிற ரெனெட் போடுறவை. இந்தியாவில பச்சைப் புள்ளி போட்ட சீஸ் பிரச்சினை இல்லை.

உச்சரிப்பு: ரோ எண்டு சொல்லுறதுக்கு வாயைக் குவியுங்கோ, குவிச்ச வாயை விடாமல் ரே எண்டு சொல்லுங்கோ. அதுதான் முதல் எழுத்து. அதுக்குப் பிறகு ‘ஸ்’ இல்லை, ‘ஷ்’. பிறெஞ்சு பேசுற பக்கத்திலும் இதே பேர்தான், எழுத்துத்தான் கொஞ்சம் மாறும். ஜெர்மன் பேசுற பகுதிக்கும் பிறெஞ்சு பேசுற பகுதிக்கும் நடுவில இருக்கிற பிரிவுக்கு ரோஷ்டிக் கிடங்கு எண்டே ஒரு பேர் கிடக்கு. கிடங்கெண்டால் இஞ்ச அகழி, பள்ளம். சானே ஆத்தை ஒட்டிப் போற கோடு எண்டு சொல்லுறவை. வாக்கெடுப்பு வரேக்க பேப்பர் முழுக்க இந்தச் சொல்தான். 1992 டிசம்பர் 6ம் திகதி ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில சேருறதா எண்டு கேட்டதுக்கு 50.3 வீதம் வேண்டாம் எண்டு விழுந்தது. பிறெஞ்சுப் பக்கம் ஓம் எண்டு நிண்டது, ஜெர்மன் பக்கம் பெரும்பாலும் இல்லை எண்டது. ஒரு கிழங்குச் சாப்பாட்டிண்ட பேரில நாட்டைப் பிரிச்சுக் காட்டுறது இவையளுக்குத்தான் வரும்.

---

ஆத்தூர் ரோடு:

ஒட்டுவதற்கு ஜவ்வரிசி மாவு போட்டால் என்ன? சுற்றிலும் சேகோ ஆலைகள், மாவு மலிவு. குச்சிக்கிழங்கிலேயே (மரவள்ளி) ரோஷ்டி செய்தால் நம்மூர்ப் பண்டமாகவும் ஆகிவிடுமே?

---

கல்லும் கரண்டியும் (அஸ்தம்பட்டி):

ஜவ்வரிசி மாவு சோள மாவைவிட மோசம். ஈரமும் சூடும் பட்டால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி, துருவலுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை எல்லாம் அடைத்துவிடும். மேல்பக்கம் மொறுமொறுப்பாவதற்குப் பதிலாக இழுக்கும்.

குச்சிக்கிழங்கில் செய்யலாம், பச்சையாக மட்டும் கூடாது. அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. துருவி உடனே கல்லில் போட்டால் முழுதும் போகும் என்று நம்ப முடியாது. தோலைச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நடு நரம்பை உருவிவிட்டுக் குளிரவைத்துத் துருவுங்கள். புரதமும் சர்க்கரையும் குறைவு, அதனால் உருளையைப் போல் செம்பொன்னாகச் சிவக்காது. வெளிறிய மஞ்சளோடு நிற்கும், ஓடு கடினமாக இருக்கும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பல்லில் கடிபடாது. காரச் சட்னியோடு நன்றாகத்தான் போகும். குச்சிக்கிழங்கு அடை என்று எழுதி விற்றுக்கொள்ளுங்கள், ரோஷ்டி வரிசையில் சேர்க்காதீர்கள்.

---

மலைவீட்டு அடுப்படி (ஏற்காடு):

எல்லோருக்கும் நன்றி. இன்னும் சில: தோசைக்கல்லிலேயே செய்யலாமா, வாணலிதான் வேண்டுமா? வெங்காயமும் மிளகும் எப்போது? பன்னிரண்டு தட்டுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். சுட்டு ஹாட் பாக்ஸில் போட்டு வைக்கலாமா?

---

கல்லும் கரண்டியும் (அஸ்தம்பட்டி):

தோசைக்கல்லை விட்டுவிடுங்கள். விளிம்பு இல்லாததால் நெய் வெளியே ஓடும், ஓரம் வறண்டு உதிரும். அதில் சப்பாத்தி போட்டாலே மறுநாள் தோசை எழும்பாது. இருபது நிமிடம் கிழங்கும் உப்பும் கிடந்தால் சொல்லவே வேண்டாம். தட்டையான அடியும் 4 செ.மீ. விளிம்பும் உள்ள இரும்பு வாணலி ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். வார்ப்பிரும்பு என்றால் நெய் விடுவதற்கு முன் சிறு தீயில் ஐந்து நிமிடம் வெறுமனே காயட்டும். எரிவாயு அடுப்பில் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறாது, அதனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வாணலியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். சமையல்காரர் புதியவர் என்றால் முதல் மாதம் நான்ஸ்டிக் போதும். எவர்சில்வர் வாணலியில் நெய் நன்றாகக் காயாமல் துருவலைப் போட்டால் அடி பிடித்து, மொறுமொறுப்பு முழுவதும் வாணலியோடு தங்கிவிடும்.

வெங்காயத்தைப் பச்சையாகக் கலந்தால் தண்ணீர் விடும், கல்லில் படும் துண்டுகள் கிழங்குக்கு முன்பே கருகும். 750 கிராமுக்கு 100 கிராம் சின்ன வெங்காயம் போதும். மெல்லிசாக அரிந்து, தனியாக நெய்யில் கண்ணாடிப் பதம் வரை வதக்கி, புரட்டும் கட்டத்தின் கடைசியில் சேர்த்தால் நடுவில் நின்றுகொள்ளும். மிளகை முதலிலேயே போட்டால் கசக்கும். திருப்பிய பிறகு மேல்பக்கத்தில் கரகரப்பாக இடித்துத் தூவுங்கள். சேர்வராயன் மலை மிளகு கையருகே இருக்கும்போது தூள் பாக்கெட் எதற்கு? பச்சை மிளகாய், கொத்தமல்லி, சீரகம் மூன்றையும் போட ஆரம்பித்தால் அது வேறு பலகாரம்.

பன்னிரண்டு தட்டுக்குத் தலா 250 கிராம், ஆக 3 கிலோ வெந்த கிழங்கு. தோல், கழிவு போக 3.4 கிலோ பச்சைக் கிழங்கு எடுத்தால் சரியாக வரும். முந்தைய நாள் மதியம் வேகவைத்து, எட்டு மணி நேரம் குளிரவைத்து, இரவே துருவி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வெந்த துருவல் பச்சைத் துருவலைப் போலக் கறுக்காது. உப்பை மட்டும் அப்போது போடாதீர்கள், காலையில் தண்ணீர் விட்டு நிற்கும். இரண்டு வாணலி, இரண்டு ஈடு, ஈடுக்கு அரை மணி நேரம். ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் ஏழே முக்காலுக்கு நாலு அடை தயார்; ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் பன்னிரண்டு. வெட்டுவது பரிமாறும்போதுதான். வெட்டிய முகத்தின் வழியே ஆவி வெளியேறி ஓடு ஈரமாகும்.

ஹாட் பாக்ஸ் கூடவே கூடாது. பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். பலகாரம் வடிக்கிற கம்பி வலைத்தட்டில், அடியில் காற்று போகிற மாதிரி, திறந்தே வையுங்கள். எட்டு மணிக்குக் காய்ந்த வாணலியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் ஓடு திரும்ப முறுகும். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் எட்டு நிமிடம், அதுவும் வலைத்தட்டோடு. மைக்ரோவேவ் பக்கம் போக வேண்டாம்.

பலகைக்கு ‘ரோஷ்டி’ என்றே எழுதுங்கள். பேர்ன்காரர் சொன்ன உச்சரிப்புக்குத் தமிழில் இதைவிட அருகே போக வழியில்லை. ‘ரோஸ்டி’ என்றால் சேலத்துக்காரர் நெய் ரோஸ்ட் என்று நினைத்துத் தோசையை எதிர்பார்த்து உட்காருவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை: ஜெர்மனில் வறுப்பதைக் குறிக்கும் ரோஸ்டன் என்ற வினையிலிருந்து இந்தப் பெயர், ஆங்கிலத்தின் ரோஸ்டும் அதே குடும்பம்தான். பெயருக்குக் கீழே ‘உருளைக்கிழங்கு, நெய், உப்பு கொண்டது; முட்டையும் மாவும் சேர்க்காதது’ என்று ஒரு வரி இருந்தால் கேள்வியே வராது. முட்டையை மேலே வைப்பது தனி விலையில், கேட்பவருக்கு மட்டும், தனி வாணலியில்.

---

கிழங்கு மண்டி (செவ்வாய்ப்பேட்டை):

வாரம் 20 கிலோவுக்கு மேல வேணும்னு மூட்டையா எடுக்கறதா இருந்தா, அதுக்கு முன்னால அதே லாட்ல ரெண்டு கிழங்கு கேட்டு வாங்கிக்குங்க. ஒண்ணை அரை விரக்கடைக்கும் கம்மியா வில்லை நறுக்கித் துடைச்சு, காஞ்ச நெய்யில போடுங்க. மூணு நிமிஷத்துல பொன்னிறமா இருந்தா எடுக்கலாம், பழுப்புத் திட்டு விழுந்தா அது கிடங்குச் சர்க்கரை, அந்த மூட்டை வேணாம். இன்னொண்ணைத் தோலோட வேகவைங்க. கொதிக்கும்போதே தோல் வெடிச்சு மாவு பூத்துச்சுன்னா அதுவும் உங்களுக்கு ஆகாது. மழைக்காலத்துல வர்ற லாட் ஒவ்வொண்ணும் ஒரு தினுசா இருக்கும், அதனால ஒருதடவை பாத்தது போதும்னு விட்றாதீங்க, ஒவ்வொரு மூட்டைக்கும் பாருங்க.